வீட்டுப் பக்கம்

பயப்படுவது பட்டன் அக்காவுக்குக் கைவந்த கலை. மௌஸைத் தொட்டால் ஷாக் அடிக்குமோ, தெரியாமல் எதையாவது அழுத்தினால் போலீஸ் வந்துவிடுமோ, கணினியை அணைக்காமல் போனால் நூலகமே தீப்பிடித்துவிடுமோ என்று கணினி வகுப்புக்கு வந்த முதல் நாளே வரிசையாகக் கேட்டார். "காலம் முழுக்கப் பட்டனோட குடித்தனம் நடத்தினவங்க, இந்தப் பட்டனுக்குப் போய் பயப்படலாமா?" என்று நான் சீண்டினேன். "அந்தப் பட்டன் அறுந்தா நானே தைச்சுக்குவேன் கண்டக்டரே. இது அறுந்தா யாரு தைக்கிறது?" என்றார். வகுப்பே சிரித்தது. அவர் சிரிக்கவில்லை.

நான் பஸ்ஸில் டிக்கெட் கிழித்து ஓய்வு பெற்றவன். மனைவி போனபிறகு தனியாக இருக்கிறேன். வாய் சும்மா இருக்காது. "வீட்டுல சுவரோட சண்டை போடாம எங்கயாவது போய்ட்டு வாங்கப்பா" என்று மகள் விரட்டியதால்தான் நூலகத்தின் பின் அறையில் நடக்கும் அந்த வகுப்பில் சேர்ந்தேன். தலை நரைத்தவர்களுக்கு மட்டும். ஆளுக்கொரு வலைத்தளம் சொந்தமாகக் கட்டிக்கொள்ளச் சொல்லித் தருவார்கள். என் தளத்தின் தலைப்பு, 'எங்கள் கட்டட லிஃப்ட்டின் அட்டூழியங்கள்'. எனக்குப் பொழுதுபோக வேண்டும், அவ்வளவுதான்.

பட்டன் அக்காவின் கதை வேறு. சந்தைக்குள் சின்னதாக ஒரு பட்டன் கடை வைத்திருந்தார். சட்டையில் ஒரு பட்டன் தொலைந்துவிட்டது, அதே மாதிரி வேண்டும் என்று யார் போனாலும், மிச்சப் பட்டனைப் பார்த்துவிட்டு ஏதோ ஒரு டப்பாவுக்குள் கையை விட்டு அதன் கூடப்பிறந்ததை எடுத்துவிடுவார். வீட்டுக்காரர் மின்சார மீட்டர் கணக்கெடுப்பவர். வாழ்க்கை முழுவதும் ஊரார் கதவைத் தட்டியவர். ஓய்வு பெற்ற கொஞ்ச காலத்திலேயே அவருக்கு ஞாபகம் பிசகத் தொடங்கியது. காலையில் எழுந்து குளித்து, சட்டையை மாட்டிக்கொண்டு கணக்கெடுக்கக் கிளம்பிவிடுவார். ஒருமுறை ஊர் எல்லையில், ரயில் பாதை ஓரத்தில் அவரைக் கண்டுபிடித்தார்கள். அன்றைக்கே அக்கா கடையை மூடினார். உள்ளேயும் வெளியேயும் சாவி போட்டால்தான் திறக்கும் பூட்டு ஒன்றை வாங்கிக் கதவில் பொருத்தினார். பிழைப்பு இனி வீட்டிலிருந்துதான் நடக்க வேண்டும், அதற்கு வலைத்தளம் வேண்டும் என்று யாரோ சொல்ல, அந்த மனுஷரை உள்ளே வைத்துப் பூட்டிவிட்டு புதன்கிழமைதோறும் வகுப்புக்கு வந்தார். கண் திரையில் இருக்கும், கால் வாசலைப் பார்த்தே இருக்கும்.

டீச்சர் பொறுமைசாலி. ஒரே கேள்வியை ஆள் மாற்றி ஆள் கேட்டாலும் முகம் சுளிக்க மாட்டார். "எதை அழுத்தினாலும் ஒண்ணும் வெடிக்காது. வெளியிடுன்னு ஒரு இடம் இருக்கு பாருங்க, அதை மட்டும் என்னைக் கேக்காம தொடாதீங்க" என்பார். எங்களில் பாதிப் பேர் அதைத்தான் முதலில் தொட்டோம்.

ஒரு புதன்கிழமை, அதுவரை செய்ததை எல்லோரும் பார்க்கலாம் என்று டீச்சர் ஒவ்வொருவர் தளத்தையும் சுவரில் பெரிதாகக் காட்டினார். என் லிஃப்ட்டுக்கு நல்ல கைதட்டல். அடுத்தது பட்டன் அக்காவுடையது. பட்டன் படங்கள் எல்லாம் அம்சமாக இருந்தன. பிறகு டீச்சர் மேலே இருந்த 'வீட்டுப் பக்கம்' என்பதைத் திறந்தார். நாங்கள் எல்லோரும் சேர்ந்து சத்தமாகப் படிக்க ஆரம்பித்தோம்.

"வணக்கம். இது எங்கள் வீட்டுப் பக்கம். வீட்டில் நானும் என் வீட்டுக்காரரும் மட்டும். அவருக்கு ஞாபகம் சரியில்லை. யார் வந்தாலும் சிரித்துப் பேசுவார். தனியாக வெளியே விடக் கூடாது. புதன்கிழமை காலை நான் வகுப்புக்குப் போய்விடுவேன். அப்போது கதவு பூட்டியிருக்கும். சாவி, வாசலில் இருக்கும் பழைய ஷூவுக்குள் இருக்கிறது."

கீழே முகவரி இருந்தது. வீதிப் பெயர், கதவு எண், வீட்டுக்கு எப்படி வருவது என்று அடையாளம் உட்பட.

சிரிக்க ஆரம்பித்தவர்கள் பாதியில் நிறுத்திக்கொண்டார்கள். டீச்சர் முகம் வெளுத்துவிட்டது. "அக்கா, இதை வெளியிட்டுட்டீங்களா?"

"போன வாரமே. ஏன், எழுத்துப்பிழை இருக்கா?"

"வீட்டுப் பக்கம்னா உங்க வீட்டைப் பத்தி இல்லக்கா. தளத்தோட முதல் பக்கம். முகப்புன்னு போட்டிருக்கணும், எவனோ 'ஹோம் பேஜ்'ங்கிறதை இப்படித் தமிழ்ப்படுத்தி வெச்சிருக்கான்."

"வீட்டுப் பக்கம்னா வீட்டைப் பத்தித்தானே எழுதணும்? வீட்டுக்காரரை விட்டுட்டு என்ன வீடு?" என்றார் அக்கா. அப்புறம்தான் அவருக்கே உறைத்தது. அன்று புதன்கிழமை. நேரமும் காலை. எத்தனையோ பேர் அந்தப் பக்கத்தைப் பார்த்திருக்கிறார்கள் என்று திரையின் ஓரத்தில் ஓர் எண் காட்டியது. யார் யார் என்று அது சொல்லவில்லை. டீச்சர் உடனே அந்தப் பக்கத்தை அழித்தார். அக்கா பையைக்கூட எடுக்காமல் வாசலுக்கு ஓடினார். நான் பின்னால் ஓடினேன்.

பஸ்ஸில் அவர் உட்காரவே இல்லை. "ஊருக்கே தம்பட்டம் அடிச்சிட்டீங்களே அக்கா, சாவியை எதுக்கு எழுதினீங்க?" என்று நான் பல்லைக் கடித்தேன். கோபம் அவர்மேல் இல்லை, பயம் அப்படி வெளியே வந்தது. அவர் கம்பியைப் பிடித்துக்கொண்டு மெதுவாகச் சொன்னார்:

"திருடன் வந்து எதை எடுப்பான் கண்டக்டரே, பட்டனையா? என் பயம் அது இல்ல. நான் இங்க ரோட்டுல விழுந்து செத்துட்டேன்னு வைங்க. உள்ள ஒருத்தர் பூட்டிக் கிடக்காருன்னு யாருக்குத் தெரியும்? மகன் கடல் தாண்டி இருக்கான், ஞாயித்துக்கிழமைதான் கூப்பிடுவான். பக்கத்து வீட்டுல மாசத்துக்கு ஒரு ஆள் குடி மாறுறாங்க. அவருக்குத் தண்ணி புடிச்சுக் குடிக்கக்கூட நான் சொல்லணும். கதவை எப்படித் திறக்கிறதுன்னு எங்கயாவது எழுதி வெக்கணும்னு தோணிட்டே இருந்துச்சு. வீட்டுப் பக்கம்னு பாத்ததும், இதுக்குத்தான் கேக்குறாங்க போலன்னு நெனச்சேன்."

"அதெல்லாம் ஒண்ணும் ஆகாது" என்றேன். வேறென்ன சொல்ல?

வீடு பூட்டியபடி இருந்தது. உள்ளே வீட்டுக்காரர் மேஜை முன்னால் உட்கார்ந்து வெள்ளைப் பட்டன்களைத் தனியாகப் பொறுக்கிக்கொண்டிருந்தார். சாவியும் இருந்த இடத்தில் இருந்தது. ஆனால் ஷூ குப்புறக் கிடந்தது. "நான் நிமித்தி வெச்சுட்டுத்தான் போனேன்" என்றார் அக்கா. பூனையாக இருக்கும் என்றேன். அவர் என்னைப் பார்த்த பார்வையில், பூனை என்று நானே நம்பவில்லை என்பதை அவர் கண்டுகொண்டது தெரிந்தது. திரும்பும் வழியில் இரண்டு முறை பின்னால் பார்த்துக்கொண்டேன்.

மறுநாள் டீச்சர் போனில் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார்: "சாவியை வேற இடத்துக்கு மாத்துங்க. எங்கன்னு யார்கிட்டயும் சொல்லாதீங்க. என்கிட்டயும் சொல்ல வேணாம்." அக்கா அப்படியே செய்தார். அதன்பிறகு வியாபாரம் சூடு பிடித்தது. யார் யாரோ தொலைந்த பட்டனின் ஜோடியைப் படம் எடுத்து அனுப்பினார்கள். அக்கா அதன் கூடப்பிறந்ததைத் தேடி உறையில் போட்டு அனுப்பினார். ஒரு பெண், செத்துப்போன அப்பாவின் கோட்டுக்குப் பட்டன் கிடைத்ததற்கு ஒரு பக்கம் நன்றி எழுதியிருந்தாள். அதை டீச்சர் படித்துக் காட்டியபோது அக்கா முதல்முறையாக வகுப்பில் சிரித்தார். பயம் கொஞ்சம் விட்டுவிட்டது என்று நாங்களும் நினைத்தோம்.

அப்புறம் ஒரு புதன்கிழமை அவர் வரவில்லை.

பயப்படுகிறவர்கள் தாமதமாக வர மாட்டார்கள். அக்கா எப்போதும் கதவு திறக்கும் முன்பே வந்து நிற்பவர். டீச்சர் போன் செய்தார். மணி அடித்து அடித்து ஓய்ந்தது. மறுபடியும் அப்படியே. வகுப்பை அப்படியே போட்டுவிட்டு டீச்சரும் நானும் கிளம்பினோம். வழியெல்லாம் எனக்கு அந்தக் குப்புறக் கிடந்த ஷூதான் கண் முன்னால் வந்தது.

கதவு பூட்டியிருந்தது. தட்டினோம். பதில் இல்லை. டீச்சர் மறுபடியும் போன் போட்டார். மணி வீட்டுக்கு உள்ளே அடித்தது.

அந்தச் சத்தத்தை நான் இன்னும் மறக்கவில்லை. அக்கா போனை வைத்துவிட்டு வெளியே போகிற ஆள் இல்லை. உள்ளேதான் இருக்கிறார், எடுக்க முடியாமல் இருக்கிறார். ஜன்னல்களில் எல்லாம் இரும்புக் கம்பி. பக்கத்து வீட்டில் ஆள் இல்லை. ஷூவைத் தலைகீழாக உதறினேன். பூந்தொட்டியைத் தூக்கினேன், கால் மிதியைப் புரட்டினேன், நிலைக்கு மேலே கையை விட்டுத் துழாவினேன். தூசிதான் வந்தது. டீச்சர் அழ ஆரம்பித்துவிட்டார். "நான்தான் சொல்லாதீங்கன்னு சொன்னேன். நான்தான் சொன்னேன்." தீயணைப்புக்காரர்களைக் கூப்பிட்டோம். வருகிறோம் என்றார்கள். அவர்கள் வரும்வரை உள்ளே என்ன ஆகுமோ என்று கதவைத் தட்டிக்கொண்டே இருந்தேன்.

அப்போது கதவுக்கு அந்தப் பக்கம் செருப்புச் சத்தம் கேட்டது. "யாரு?"

"ஐயா, அக்கா எங்க?"

"தூங்குறா. சத்தம் போடாதீங்க."

"எங்க தூங்குறாங்க?"

"கீழ." சொல்லிவிட்டு அவர் திரும்பிப் போகும் சத்தம்.

அவரைப் பேச்சில் பிடித்து நிறுத்த வேண்டும். என்ன சொன்னால் நிற்பார்? வாய்க்கு வந்ததைக் கத்தினேன். "ஐயா, கரண்ட் ரீடிங் எடுக்க வந்திருக்கோம்!"

செருப்புச் சத்தம் நின்றது. திரும்பி வந்தது. குரலே மாறியிருந்தது, அதிகாரியின் குரல். "ரீடிங் எடுக்க எதுக்குய்யா கதவைத் தட்டுறீங்க? புது ஆளா? மீட்டர் வெளியதான இருக்கு. பெட்டியைத் திறந்து பாத்து எழுதிட்டுப் போ."

வாசல் சுவரில், என் தோள் உயரத்தில் அந்தப் பெட்டி இருந்தது. இவ்வளவு நேரம் அதில் சாய்ந்துகொண்டுதான் தேடியிருக்கிறேன். திறந்தேன். மீட்டருக்குக் கீழே ஓர் ஆணியில், கறுப்பு நூலில் கோத்த சாவி தொங்கியது. தொலையாமல் இருக்க நூலில் ஒரு பெரிய சிவப்புப் பட்டன் கட்டியிருந்தது.

சமையலறைத் தரையில் அக்கா கிடந்தார். விடியும் முன்பே வழுக்கி விழுந்திருக்கிறார். இடுப்பு அசையவில்லை. கூப்பிட்டுக் கூப்பிட்டுத் தொண்டை கட்டிவிட்டது. தலைக்குக் கீழே ஒரு தலையணை, மேலே போர்வை, அதன்மேல் இன்னொரு போர்வை, அதற்கும் மேல் ஜன்னல் திரை ஒன்று. கையில் கிடைத்ததை எல்லாம் வீட்டுக்காரர் கொண்டுவந்து போர்த்தியிருந்தார். அக்காவின் கண் எங்களைப் பார்த்தது. உதடு அசைந்தது. குனிந்து காதைக் கொடுத்தேன்.

"கதவ சாத்தினீங்களா?"

சாத்தவில்லை. திரும்பிப் பார்த்தேன். பின்னால் நின்றிருந்த மனுஷர் இல்லை. அந்த நிமிஷம் எனக்கு ரயில் பாதைதான் ஞாபகம் வந்தது. இந்த வயதில் அப்படி ஓடுவேன் என்று நினைத்ததில்லை. வாசலைத் தாண்டி நாலு வீடு தள்ளி ஓடியபிறகுதான் பின்னால் குரல் கேட்டது. அவர் வீட்டு வாசலிலேயே, திறந்த மீட்டர் பெட்டிக்கு முன்னால் மூக்குக் கண்ணாடியை உயர்த்திக்கொண்டு நின்றிருந்தார். "எழுதிக்கய்யா, எழுதிக்க" என்று என்னை அதட்டினார். அவர் தோளைப் பிடித்துக்கொண்டு நான் அழுதேன். வெட்கமே இல்லை.

அக்கா பிழைத்தார். ஆஸ்பத்திரி, ஆபரேஷன், வாக்கர் எல்லாம் ஆகி மறுபடியும் வகுப்புக்கு வந்தபோது கூடவே வீட்டுக்காரரும் வந்தார். அவரை இனி பூட்டி வைக்க வேண்டாம், இங்கேயே உட்காரட்டும் என்று டீச்சர் சொல்லிவிட்டார். நூலகத்து மீட்டரை அவர் வாரம் தவறாமல் சரிபார்க்கிறார். அக்காவின் வீட்டுச் சாவிக்கு நகல் எடுத்து டீச்சர் ஒன்று, நான் ஒன்று வைத்திருக்கிறோம். என்னுடையதில் அக்கா ஒரு பச்சைப் பட்டனைக் கட்டிக் கொடுத்தார்.

அன்றைக்கு வீட்டுப் பக்கத்தில் புதிதாக என்ன எழுதலாம் என்று டீச்சர் கேட்டார். "வீட்டுப் பக்கம் யாரும் வர வேண்டாம், போன் பண்ணுங்கன்னு போடுங்க" என்று நான் எடுத்துக் கொடுத்தேன். எல்லோரும் சிரித்தார்கள். அக்கா மட்டும் வாக்கரைப் பிடித்தபடி என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"கண்டக்டரே, நீங்களும் தனியாத்தான இருக்கீங்க. ராத்திரி கதவுக்கு உள்தாழ்ப்பாள் போடுறீங்களா?"

"போடாம?"

"அப்ப உங்க வீட்டுக் கதவை வெளிய இருந்து யாரு, எப்படித் திறக்கிறது?"

அக்கா பைக்குள் கையை விட்டு ஒரு நீலப் பட்டனை எடுத்து என் முன்னால் வைத்தார். "இனி தாழ்ப்பாள் வேணாம், பூட்டு மட்டும் போடுங்க. சாவியை நாளைக்கு என் வீட்டுக்குக் கொண்டாங்க" என்றார்.