எபினேசர் கொண்டுபோன சாப்பாடு

ஆவடி தொழிற்சாலைக் குடியிருப்பில் வசிக்கும் எபினேசருக்குத் தன் தாராள மனசின் மேல் பெரிய மதிப்பு இருந்தது. அது சபையில் வேறு யாருக்கும் தெரியவில்லையே என்பதுதான் குறை. கால் எலும்பு முறிந்து கிடந்த ரூபி அக்காவுக்குப் புதன்கிழமை மதியச் சாப்பாடு யார் கொண்டுபோவது என்று போதகர் கேட்டதும், முதல் ஆளாகக் கையைத் தூக்கினார். மனைவி பத்து நாளுக்குத் தூத்துக்குடி போகிறாள் என்பது கையை இறக்கிய பிறகுதான் நினைவுக்கு வந்தது.

புதன்கிழமை லீவு போட்டு அவரே சமைத்தார். சாதம் குழைந்துவிட்டது, சாம்பாரில் பருப்பு வேகவில்லை. கேரியரோடு அண்ணனூரில் இருக்கும் அக்கா வீட்டுக்குப் போய், தலை குனிந்தபடி பரிமாறினார்.

ஒரு வாய் சாப்பிட்ட அக்கா நிமிர்ந்து பார்த்தார். "இன்னா எபி, நீயே செஞ்சியா?"

"ஆமாக்கா. ஊட்ல யாரும் இல்ல."

"அப்போ இத்தினி நாளா இன்னா துன்றே?"

"பன்னும் டீயும்தாங்க்கா."

"அய்யோ! பக்கத்து ஊட்டு மரியா குடுத்த மீன் கொழம்பு அடுப்பாண்ட கீது. எடுத்துகினு வந்து குந்து. மொதல்ல நீ துன்னு."

மறுக்க வேண்டும் என்றுதான் எபினேசர் நினைத்தார். அதற்குள் இரண்டாவது முறை சாதம் போட்டுக்கொண்டிருந்தார். அக்காவோ அந்த வேகாத சாம்பாரை ஒரு சொட்டு விடாமல் சாப்பிட்டார்.

ஞாயிறன்று சபையில், அந்த வாரம் நடந்ததைச் சாட்சியாகச் சொல்ல எழுந்த எபினேசருக்கு, ஒத்திகை பார்த்த பேச்சு வாயில் வரவில்லை.

"அக்காவுக்குச் சாப்பாடு கொண்டுபோனேன். நல்லா சாப்பிட்டது நான்தான்."

சபை சிரித்தது. அன்று மதியமே மூன்று வீடுகளிலிருந்து அவருக்குச் சாப்பாடு வந்தது. வெட்கத்தோடு மூன்றையும் வாங்கிக்கொண்டார்.