துவைக்கும் கல்லைப் பார்த்திருந்த கேமரா

கார்த்திகையில் கடல் எடுத்த மணலை மாசி மகத்துக்குள் திருப்பிக் கொடுத்துவிடும் என்று என் கணவரின் குடும்பத்தார் நம்பினார்கள். நெம்மேலிக்குத் தெற்கே இருக்கும் அவர்களுடைய குப்பத்தில் அதை யாரும் நம்பிக்கை என்று சொன்னதில்லை. மழைக்குப் பின் வெயில் அடிப்பதைப் போல அதுவும் நடக்கும். மகத்துக்கு மாமல்லபுரத்துக் கரையில் கூட்டம் கூடும் நாட்களில் அந்தக் குப்பத்து வீட்டு வாசல்களிலும் மணல் மேடிட்டிருக்கும்.

அதே குப்பத்தில், மணமாகிப் புகுந்த வீட்டில் என் கணவரின் அக்கா தனியாக இருந்தார். நான் அவரை அண்ணி என்று அழைப்பேன். மீன்பிடிக்கக் கடலுக்குப் போய்வந்த தம் கணவர் நோயில் இறந்தபின், அவர் கரையில் மீன் வாங்கி விற்றுப் பிழைத்தார். வாசலுக்கு எதிரே துணி துவைக்கும் கல் ஒன்று உண்டு. அண்ணி மணமாகி வந்தபோது கல்லிலிருந்து அலைக்கு நடந்துபோக வேண்டியிருந்ததாம். கடைசியாக வந்த இரண்டு மழைக்காலங்களிலோ அலை அந்தக் கல்லின் அடியை நனைத்துவிட்டுப் போயிற்று. ஊரப்பாக்கத்தில் எங்களோடு வந்து இருக்கும்படி என் கணவர் அழைத்தபடியே இருந்தார்.

“தண்ணி வூட்டுக்குள்ள வந்தா இன்னாக்கா பண்ணுவே?”

“நீந்துவேன். உனக்குத்தான்டா நீச்சல் மறந்துபோச்சு, ஊரப்பாக்கத்தான்.”

பல மாதம் நீண்ட வாக்குவாதம் ஓர் ஒப்பந்தத்தில் முடிந்தது. மாசி மகத்துக்குள் கல்லின் அடியை மணல் மறுபடியும் மூடினால் அண்ணி அங்கேயே இருப்பார். மூடாவிட்டால் எங்களோடு வந்துவிடுவார். மூடியதா இல்லையா என்று யார் சொல்வது என்பதில் மறுபடியும் சண்டை வந்தது.

“நீ மணல் வந்திச்சின்னுதான் சொல்வேக்கா.”

“நீ வரலன்னுதான் சொல்வே. போவியா.”

வீட்டு பீரோவில் கிடந்த பழைய சட்டைப்பைக் கேமரா அப்போதுதான் என் நினைவுக்கு வந்தது. குறித்த நேரத்தில் தானாகவே படம் எடுக்கும் வசதி அதில் இல்லை. ஆனால் அத்தகைய கேமராக்களுக்கென்று ஆர்வலர்கள் சிலர் நிரல் ஒன்றை எழுதி இலவசமாகக் கொடுத்திருந்ததைப் படித்திருந்தேன். நினைவக அட்டையில் அதை ஏற்றினால், சிறு கட்டளைத் தொகுப்புகள் எழுதி நம் விருப்பப்படி கேமராவை வேலை வாங்கலாம். அட்டையை எடுத்துவிட்டால் கேமரா பழையபடி ஆகிவிடும். செங்கல்பட்டில் ஒரு கல்லூரி நூலகத்தில் வேலை செய்பவள் நான். நீண்ட விளக்கக் குறிப்புகளை முதல் வரியிலிருந்து படிப்பது எனக்குப் பழகிய காரியம்.

இரண்டு ஞாயிற்றுக்கிழமைகள் ஆயின. கேமராவுக்குள் இருக்கும் மென்பொருளின் பதிப்பெண் தெரிந்தால்தான் அதற்குப் பொருந்தும் நிரலை எடுக்க முடியும். அதில் ஓரெழுத்தைத் தவறாகப் பார்த்து அடுத்த பதிப்பை ஏற்றிவிட்டேன். கேமரா லென்ஸை உள்ளிழுத்துக்கொண்டு இருண்டுவிட்டது.

“போச்சா? கல்யாணத்துக்கு வாங்கினது,” என்றார் கணவர்.

மின்கலத்தைக் கழற்றி மாட்டினேன். உயிர் வந்தது. சரியான பதிப்பை ஏற்றியதும் திரையில் புதிய குறி ஒன்று தோன்றியது. பின்பு, காலை முதல் மாலைவரை அரை மணிக்கொரு படம் எடுக்கச் சொல்லும் சில வரிகளை அட்டையில் சேர்த்தேன்.

இதில் விந்தையான நிபந்தனை ஒன்று உண்டு. அட்டையின் ஓரத்தில் பூட்டுப் படம் போட்ட சிறு தள்ளுவிசை இருக்கும். சாதாரணமாக அதைப் பூட்டினால் படம் பதிவாகாது. இந்த நிரலுக்கோ அது பூட்டியே இருக்க வேண்டும். பூட்டிய அட்டையைக் கண்டால்தான் கேமரா முதலில் நிரலைத் தேடி எழுப்பும். எழுந்த நிரல் பூட்டைப் பொருட்படுத்தாமல் படங்களைப் பதிய வைக்கும்.

ஐப்பசியில் சன்னல் திட்டில், கல்லைப் பார்த்தபடி கேமராவை வைத்து, மின்கம்பியால் வீட்டு மின்சாரத்தோடு இணைத்தோம். வலை நூலால் அதைக் கம்பியோடு கட்டி முடிச்சுப் போட்டது அண்ணிதான்.

“கரண்ட் போயி வந்தா இந்தப் பட்டனை ஒருவாட்டி அழுத்துங்க, அண்ணி. வேற எதையும் தொடாதீங்க.”

“தொடல. பாக்கவாச்சும் செய்யலாமா?”

கார்த்திகையிலும் மார்கழியிலும் நான் போய்ப் படங்களை எடுத்து வந்தேன். கணினியில் அவற்றை வேகமாக ஓட்டினால், கல்லின் அடி மெல்ல வெளிப்பட்டு, அதன் கீழிருந்த செங்கல்கள் தெரிவதைக் காண முடிந்தது. தை மாதம் நூலக வேலையில் போக இயலவில்லை. மகம் கழிந்து நான்கு நாட்களுக்குப் பின் இருவரும் போனோம். அட்டையில் போகியன்று காலைவரைதான் படங்கள் இருந்தன. அதற்குப் பின் ஒன்றுமில்லை.

மின்கம்பி சரியாக இருந்தது. வரிகளில் பிழையில்லை. அட்டையைத் திருப்பிப் பார்த்தபோதுதான் பூட்டு திறந்திருப்பது தெரிந்தது.

“அண்ணி, இதைத் தள்ளினீங்களா?”

“ஆமா. போகிக்குத் தொடைக்கும்போது அந்தச் சில்லு வெளிய வந்திச்சி. பூட்டு போட்டுகினு இருந்திச்சி. தெறந்துட்டு மறுபடியும் சொருகிட்டேன். படகுங்க கடல்ல கீற நேரத்துல எதையாச்சும் பூட்டி வைப்பாங்களா?”

அவர் சொன்னது எனக்குத் தெரியாததன்று. படகுகள் கரை திரும்பும்வரை வீட்டில் கதவோ பெட்டியோ பூட்டப்படாது என்பது அவர் புகுந்த வீட்டு வழக்கம். கணவர் இறந்து படகை விற்ற பின்னும், மற்றவர் படகுகளுக்காக அதை அவர் விடவில்லை. திறந்து கிடக்கும் அவருடைய தகரப் பெட்டியை ஒவ்வொரு முறையும் பார்த்தவள் நான். ஆயினும் அந்தச் சிறு பூட்டைப் பற்றி அவரிடம் சொல்ல வேண்டும் என்று எனக்குத் தோன்றவில்லை.

“வேண்டிய ரெண்டு மாசமும் போச்சேக்கா!” என்று கணவர் தலையில் கைவைத்து உட்கார்ந்தார். வாசலில் கல்லின் அடியை மணல் மூடியிருக்கவில்லை. ஆனால் இடையில் மூடிவிட்டு நேற்றுத்தான் இறங்கியது என்று அண்ணி சொன்னால், அதை மறுக்க எங்களிடம் ஒரு படமும் இல்லை. அது மூவருக்கும் தெரிந்திருந்தது.

அண்ணி சன்னலருகே போய் வலை நூலின் முடிச்சை அவிழ்க்கத் தொடங்கினார்.

“அதுதான் பாக்கல. நான் பாத்துகினுதானே இருந்தேன்,” என்றார். “தையில ஒரு நாள் மணலு செங்கல்லு வரைக்கும் ஏறிச்சி. மறுநாளே எறங்கிச்சி. கல்லுக்கு வரல. நீ பயப்படாதே, நான் பொய் சொல்ல மாட்டேன்.”

“நான் அப்படிச் சொல்லலக்கா.”

“சொன்னே. ஐப்பசில சொன்னே. போ, அந்தப் பொட்டியைத் தூக்கு.”

கணவர் பெட்டியைத் தூக்கவில்லை. அண்ணி முடிச்சை அவிழ்த்து, கேமராவை முந்தானையால் துடைத்து என் கையில் தந்தார். அன்று எதையும் எடுத்து வரவில்லை. பங்குனி முதல் வாரத்தில் பெட்டி, தராசு, இரண்டு பாய்கள் ஆகியவற்றோடு அண்ணி வந்து சேர்ந்தார்.

எங்கள் அடுக்ககத்தில் பகலிலும் கதவைப் பூட்டிவைப்பதுதான் பழக்கம். எங்கள் வீட்டில் மட்டும், குப்பத்துப் படகுகள் கரை திரும்பிவிடும் காலை பத்து மணிவரை கதவு பூட்டப்படுவதில்லை. முதலில் பக்கத்து வீட்டுக்காரர்கள் எச்சரித்தார்கள், பின்பு விட்டுவிட்டார்கள். கேமரா மறுபடியும் பீரோவில் இருக்கிறது. அட்டையின் பூட்டு திறந்தே இருக்கட்டும் என்று நான் விட்டுவிட்டேன். கல்லுக்கு எதிரே இருந்த அந்த வீட்டில் இப்போது யாரும் இல்லை. இங்கே நாங்கள் மூவர் இருக்கிறோம்.