சும்மா சுற்றிய தட்டு

என் வீட்டுக்காரர் சிங்கப்பூர் துறைமுகத்தில் வேலை பார்த்தார். மாதத்துக்கு ஒருமுறை வருவதாகச் சொல்லி, கல்யாணமான கையோடு என்னை மலாக்காவில் காஜா பெராங் என்ற இடத்தில் ஒரு வாடகை வீட்டில் கொண்டுவந்து வைத்தார். நான் ரப்பர் தோட்டத்து லயத்தில் பிறந்து வளர்ந்தவள். அங்கே பக்கத்து வீட்டில் யாராவது தும்மினால் எங்கள் வீட்டில் 'நூறு ஆயுசு' என்போம். இங்கே நானே தும்மி நானே சொல்லிக்கொள்ள வேண்டியிருந்தது.

அடுத்த தடவை வந்தபோது ஒரு பாட்டுப் பெட்டியை மடியில் வைத்துப் பேருந்தில் கொண்டுவந்தார். மின்சாரத்தில் ஓடுவது. கூடவே மூன்று ரெக்கார்டு.

"இத ஓட விட்டுட்டே இரு. வீட்ல ஆம்பள இருக்கான்னு நெனச்சிக்குவாங்க."

"ஆம்பள இருந்தா நாள் முழுக்கப் பாட்டா பாடுவான்?" என்றேன்.

சிரித்தார். எனக்கு அந்தச் சிரிப்பு ரொம்பப் பிடிக்கும். சொன்னபடியே ஓட விட்டேன்.

மூன்றே ரெக்கார்டு. ஊசி திரும்பத் திரும்ப உரசியதில் பாட்டுக்குள் கடுகு பொரிகிற சத்தம் வந்துவிட்டது. மேலும் கெடுக்க மனமில்லாமல் அவற்றை உறையில் போட்டு வைத்துவிட்டு, ரெக்கார்டு வைக்கிற வெறும் தட்டை மட்டும் சுற்ற விட்டேன். விசையைத் திருப்பினால் உள்ளே மோட்டார் 'ம்ம்ம்' என்று ஓடும். நான் பேசுவதற்கு யாரோ 'ம்' கொட்டுவதைப் போல இருக்கும். காலையில் முகம் கழுவியதும் திருப்புவேன். படுக்கப் போகும்போதுதான் நிறுத்துவேன். சோறு வடித்துக்கொண்டே அதனோடு பேசினேன். இதில் என்ன வெட்கம், பேசினேன்தான். மீன்காரன் ஏமாற்றியதை, கூரை ஒழுகியதை, எல்லாவற்றையும் சொன்னேன்.

வேலிக்கு அந்தப் பக்கம், பல தலைமுறைக்கு முன்பே இங்கே குடியேறிய மலாக்கா செட்டிக் குடும்பத்து அம்மா ஒருவர் இருந்தார். நெற்றியில் திருநீறு வைப்பார், நான் போகிற அதே மாரியம்மன் கோயிலுக்குத்தான் போவார், ஆனால் தமிழ் வராது. வீட்டில் பேசுவதெல்லாம் மலாய். எனக்கோ கடையில் சாமான் வாங்குகிற அளவுக்குத்தான் மலாய் தெரியும். மலாயில் அக்காவைக் 'காக்கா' என்பார்கள். வயதில் பெரியவரை அப்படிக் கூப்பிட எனக்கு வாய் வரவில்லை, அக்கா என்றே கூப்பிட்டேன். ஒருநாள் கிண்ணத்தில் பயற்றங்கூழ் கொண்டுவந்தவர், வெறும் தட்டு சுற்றுவதைப் பார்த்து நின்றுவிட்டார்.

"பூசிங் சுமா-சுமா?" என்றார்.

பூசிங் என்றால் சுற்றுவது, அது தெரியும். 'சுமா-சுமா' எனக்குப் புதிது. ஆனாலும் காதில் விழுந்ததுமே நம்முடைய சும்மா என்று பட்டது. "ஆமாக்கா, சும்மாதான்," என்றேன். இருவரும் சிரித்தோம். மலாயில் அதற்கு வீணாக, ஒரு பலனும் இல்லாமல் என்று அர்த்தமாம். அது எனக்குப் பிறகுதான் தெரிந்தது.

மாதம் ஒருமுறை என்றது இரண்டு மாதமாகி, பிறகு மூன்றாயிற்று. மெர்டேக்காவுக்கு, அதாவது நாடு சுதந்திரம் அடைகிற நாளுக்கு, கட்டாயம் வருவதாகச் சொல்லிப் போனார். "புது ரெக்கார்டு கொண்டாரேன், சேர்ந்து கேப்போம்." அந்தச் 'சேர்ந்து' என்ற வார்த்தையைப் பிடித்துக்கொண்டுதான் நாட்களை ஓட்டினேன். அன்றைக்கு வந்துவிட்டால் என்னையும் கூட்டிப் போகச் சொல்லிக் கேட்பதாக இருந்தேன்.

அதற்குள் பெட்டி தளர்ந்துவிட்டது. 'ம்ம்ம்' என்றது 'கடக், கடக்' என்றாயிற்று. சூடேறிய எண்ணெய் நாற்றம் அடித்தது. ரெக்கார்டு போட்டால் பாடுகிற பெண்ணின் குரல் ஆண் குரலாக இழுத்தது. புது ரெக்கார்டோடு வருகிற மனுஷனிடம் இதையா காட்டுவது?

பெட்டியைத் துணியில் சுற்றி, டவுனில் ரேடியோ பழுது பார்க்கிற சீனரிடம் கொண்டுபோனேன். அவர் தட்டைத் தூக்கிக் காட்டினார். அடியில் ஒரு சின்ன ரப்பர் சக்கரம். அது உரசித்தான் தட்டு சுற்றுகிறதாம். ஓயாமல் ஓடி, அது மொழுமொழுவென்று தேய்ந்திருந்தது. தட்டின் நடு அச்சும் தேய்ந்து ஆடியது. அந்தச் சக்கரம் எங்கள் அப்பா வெட்டிய பாலில் வந்த ரப்பராகக்கூட இருக்கலாம், பாவம்.

"காப்பிக் கடைப் பெட்டியா?" என்று மலாயில் கேட்டார்.

"இல்ல, வீட்டுப் பெட்டி."

"வீட்டில எத்தன பேரு?"

"நான் மட்டும்."

அவர் சக்கரத்தை உப்புத்தாளால் தேய்த்துச் சொரசொரப்பாக்கி, எண்ணெய் விட்டுக் கொடுத்தார். இப்போதைக்கு ஓடும், ஆனால் அச்சு தேய்ந்தது தேய்ந்ததுதான், கொஞ்சம் ஓய்வு கொடு என்றார்.

அன்றிலிருந்து பெட்டியைத் தொடவில்லை. மிச்சமிருந்த ஓட்டத்தை மெர்டேக்காவுக்காகச் சேர்த்து வைத்தேன். 'ம்' கொட்ட ஆளில்லாமல் பேச்சும் நின்றுபோனது.

மெர்டேக்கா அன்று தெருவே கொடியும் கையுமாகக் கிளம்பியது. அக்கா என்னையும் கூப்பிட்டார். "லாக்கி வருவார்," என்று சொல்லி இருந்துவிட்டேன். லாக்கி என்றால் புருஷன். கோழிக்கறி ஆக்கி, தலை பின்னிப் பூ வைத்து, வாசலைப் பார்த்து உட்கார்ந்திருந்தேன். தூரத்தில் கூட்டத்தின் ஆரவாரம் கேட்டது. கறி ஆறியது. ஊரே சந்தோஷமாக இருந்த அந்த நாளைப் போல நான் தனியாக இருந்த நாள் வேறு இல்லை.

தீபாவளி கழிந்துதான் வந்தார். கையில் ரெக்கார்டு இல்லை. செருப்பைக் கழற்றும்போதே, "பெட்டி எங்க?" என்றார்.

"எதுக்கு?"

"அங்க கொண்டு போகணும். அங்க வீட்ல கேக்குறாங்க."

"அங்கன்னா யாரு?"

அவர் தானே போய் ரெக்கார்டை வைத்தார். பழுது பார்த்தும் பாட்டு இழுத்தது. தட்டைக் கையால் அசைத்தார், அது ஆடியது.

"என்னா புள்ள இது? சும்மா சும்மா ஓட விட்டியா?"

"ஓட விட்டுட்டே இருன்னது நீங்கதான்."

"அதுக்குன்னு இப்படியா தேயவிடுவ?"

"தேஞ்சது அது ஒண்ணு மட்டுமா?" என்றேன்.

அவர் என் முகத்தைப் பார்க்கவில்லை. "இது இனி ஒண்ணுக்கும் ஆகாது. இங்கயே கெடக்கட்டும்," என்று சாயங்காலப் பேருந்துக்குப் புறப்பட்டுவிட்டார். பெட்டி நன்றாக இருந்திருந்தால் அதுவும் போயிருக்கும்.

அவர் தெருமுனை திரும்பியதும் விசையைத் திருப்பினேன். 'கடக், கடக்' என்று தட்டு சுற்றியது. இத்தனை நாள் கேட்காத சத்தம் கேட்டு அக்கா வேலியோரம் வந்தார்.

"லாக்கி சூடா டத்தாங்?" என்றார். புருஷன் வந்துவிட்டாரா என்று கேட்கிறார்.

"வந்தாரு, அக்கா," என்று தமிழிலேயே சொன்னேன். "சுமா-சுமா."

அவருக்குப் புரிந்தது. இந்தத் தடவை நாங்கள் சிரிக்கவில்லை.