டிராயரில் கிடந்த ஒன்பது பெயர்கள்

மலேசியாவின் ஜார்ஜ் டவுனில் ஒரு தமிழ்ச் சபைக்குப் பதினெட்டு வருடம் செயலாளராக இருந்தேன். பாஸ்டர் மாற்றலாகிப் போனால் செயலாளருக்குத்தான் தலைவலி. பிரிவுபசார விருந்து, பொன்னாடை, குரூப் போட்டோ, புதியவர் குடிவரும் வீட்டுக்குப் பெயிண்ட் என எல்லாம் அவன் தலையில்தான். எங்கள் பாஸ்டர் கிளம்பியபோது இதையெல்லாம் குறையில்லாமல் நடத்தினேன். பாராட்டும் கிடைத்தது. இதை எழுதுவது அதற்காக இல்லை.

கடைசி வாரம் பாஸ்டர் கையால் எழுதிய தாள் ஒன்றைக் கொடுத்தார். சர்ச்சுக்கு வர முடியாமல் வீட்டோடு கிடக்கும் ஒன்பது பேரின் பெயர்கள். மாதாமாதம் அவரே போய்த் திருவிருந்து அப்பமும் ரசமும் கொடுத்து வந்தவர்கள்.

"மத்தது எப்படியோ போகட்டும் பிரதர். புது பாஸ்டர் ஃபைல்ல மொதல்ல இத வச்சிடுங்க. இவங்களால வந்து கேக்க முடியாது."

"நான் பாத்துக்கறேன்லா பாஸ்டர்," என்றேன்.

செய்யவில்லை. மறந்துவிட்டேன் என்று பொய் சொல்ல மாட்டேன். சபை சுறுசுறுப்பானது என்று புதியவர் நினைக்க வேண்டும் என எனக்கு ஆசை. பாடகர் குழு, வாலிபர் சங்கம், பாயான் பாரு வட்டார ஜெபக்குழு எல்லாம் கலர் பிரிண்டில் ஃபைலுக்குள் போயின. நோயாளிகள் பட்டியலைப் பிறகு தரலாம் என்று டிராயரில் போட்டேன். நான்கு மாதம் அங்கேயே கிடந்தது.

ஒருநாள் ஆயர் ஈத்தாம் பகுதி ஃபிளாட் ஒன்றிலிருந்து போன். பட்டியலில் இருந்த ரோசம்மா அக்காவின் பக்கத்து வீட்டுக்காரர். சர்க்கரை நோயால் ஒரு காலை எடுத்துவிட்ட அக்கா தனியாள். "உங்க சர்ச்சுல இருந்து ஏன் யாருமே வரல? அக்கா சரியா சாப்பிடறதே இல்ல," என்றார். புது பாஸ்டரைத் திருவிருந்துப் பெட்டியோடு காரில் ஏற்றிக்கொண்டு ஓடினேன்.

"என் பேர வெட்டிட்டீங்களோன்னு நெனச்சேன் தம்பி," என்றார் அக்கா. "போன் பண்ணிக் கேக்கவும் பயம். ஆமான்னு சொல்லிட்டா, நாளைக்கு என்னை யாரு வந்து பொதைப்பா?"

புது பாஸ்டர் பக்கத்தில் நின்றார். "பழைய பாஸ்டர் லிஸ்ட்டு தராமப் போயிட்டாரு அக்கா," என்று கூசாமல் சொன்னேன்.

"அவரா? அவரு அப்படிச் செய்ய மாட்டாரே தம்பி."

கோபமாகக்கூடச் சொல்லவில்லை. எனக்கு முகம் எரிந்தது. "கொடுத்தாரு அக்கா. நான்தான் டிராயர்ல போட்டுட்டேன்," என்றேன். பாஸ்டர் பெட்டியைத் திறந்தார். அப்பம் வாங்க என் முறை வந்தபோது கை நீட்ட முடியவில்லை. "வாங்கிக்க தம்பி," என்று அக்காதான் சொன்னார்.

அந்த வாரமே மற்ற எட்டு வீடுகளுக்கும் போனோம். ஒரு வீட்டில் பட்டியலில் இருந்த பெரியவரை அடக்கம் செய்து ஒரு மாதம் ஆகியிருந்தது. ஏன் சொல்லவில்லை என்று அவர் மகனிடம் கேட்டேன்.

"இருந்தப்போ எட்டிப் பாக்கல. செத்தப்புறம் எதுக்கு அண்ணே கூப்பிடணும்?" என்றார். வேறு சபையார் வந்து ஜெபம் செய்து புதைத்திருக்கிறார்கள்.

செயலாளர் பொறுப்புக்கு வருகிறவர்களே, பாஸ்டர் மாறும்போது வர முடியாதவர்களின் பெயர்களை ஃபைலின் முதல் பக்கத்தில் வையுங்கள். பதினெட்டு வருடத்தில் நான் கற்றது இது ஒன்றுதான். அந்த மகனிடம் இன்னும் மன்னிப்புக் கேட்கவில்லை.