பரலோகத்தில் யார் பக்கத்தில் யார்

புல்வெட்டும் மெஷின் எங்கே அலறினாலும் எனக்கு அக்கா ஊரான லாயாங் லாயாங்கின் கல்லறைத் தோட்டம் நினைவுக்கு வந்துவிடுகிறது. பெட்ரோல் புகை, அறுபட்ட லாலாங் புல்லின் பச்சை வாசம், கால்சட்டையில் ஒட்டிய ஈரத் துணுக்குகள். ஜொகூர் பாருவில் என் அடுக்குமாடிக்குக் கீழே யாராவது வெட்டத் தொடங்கினால் போதும், மாடியில் நின்றபடியே அக்காவிடம் போய்ச் சேர்ந்துவிடுவேன்.

ஈஸ்டருக்கு முந்தின சனிக்கிழமை அது. மறுநாள் விடியலில் கல்லறைகளுக்கு நடுவே ஆராதனை. அதற்காக அவரவர் வீட்டுக் கல்லறையைச் சுத்தம் செய்வது எங்கள் சபை வழக்கம். அக்கா அத்தானின் கல்லைத் தேய்த்துக்கொண்டிருந்தாள். அது இரட்டைக் கல். இடப்பக்கம் அத்தான் பெயர், பிறந்த வருடம், இறந்த வருடம். வலப்பக்கம் அக்கா பெயர், பிறந்த வருடம், ஒரு சின்னக் கோடு. கோட்டுக்கு அப்பால் வெறும் பளிங்கு. அதற்கு ஆறு வருடம் முன்பு அத்தான் போனபோது, தன் ஐம்பத்திரண்டு வயதில், அவளே சொல்லிச் செதுக்க வைத்தது.

அந்தக் கோடுதான் இப்போது தொல்லை. சபையில் மனைவியை இழந்த ஒருவர், ரயில்வேயில் ஓய்வு பெற்றவர், அவளைக் கட்டிக்கொள்ளக் கேட்டிருந்தார். அவளுக்கும் பிடித்திருந்தது. பிடித்திருந்ததால்தான் தூக்கம் இல்லை. இன்னாருக்கும் இன்னாருக்கும் கல்யாணம், ஆட்சேபம் உண்டா என்று ஆலயத்தில் ஓலை வாசிப்பார்களே, அடுத்த ஞாயிறு முதல் ஓலை வாசிப்பதா வேண்டாமா என்று அன்றைக்குள் பாஸ்டருக்குச் சொல்லியாக வேண்டும்.

"சரின்னு சொல்லிட்டா, அங்க போனதும் நான் யாருக்குப் பொண்டாட்டி?" என்றாள், பிரஷ்ஷை நிறுத்தாமல்.

இதை இயேசுவிடமே கேட்டிருக்கிறார்கள். ஒருவர் பின் ஒருவராக ஏழு சகோதரரை மணந்த பெண், உயிர்த்தெழும்போது யாருக்கு மனைவி என்று. அங்கே பெண் எடுப்பதும் கொடுப்பதும் இல்லை, தேவதூதர்களைப் போல் இருப்பார்கள் என்றார் அவர். பாஸ்டரும் அக்காவுக்கு அதைத்தான் சொல்லி அனுப்பியிருந்தார்.

"தூதர் மாதிரின்னா எப்படி? முப்பது வருஷம் குடித்தனம் பண்ண ஆளைப் பாத்து, சாப்டீங்களான்னு கூடக் கேக்கக் கூடாதா?"

"கேளு. குழம்புல உப்பு இல்லன்னுவாரு அத்தான்."

"பரலோகத்துலயுமா?" சிரித்தாள். பிறகு சிரிப்பு வடிந்துவிட்டது. "கல்லுல எழுதிக் கொடுத்திருக்கேன்டா, பக்கத்துல வர்றேன்னு."

என் பரலோகம் யாருக்கும் உதவாது. பொன்னால் போட்ட வீதி என்று ஞாயிறு பள்ளியில் சொன்னபோதே எனக்குக் கண் கூசியது. நித்தியத்துக்கும் ஒரே ஊர் என்றால் கால் அரிக்கும். அங்கே ஒரு ரயில் நிலையமாவது இருந்தால் யோசிக்கலாம்.

பக்கத்து வரிசையில் புல் வெட்டிக்கொண்டிருந்த மெஷின் நின்றது. அந்த ரயில்வேக்காரர்தான், மூக்குக் கண்ணாடியைத் துடைத்தபடி வந்தார். "சிஸ்டர், உங்க பக்கமும் வெட்டிரட்டுமா?"

"இன்னும் சிஸ்டர்னு கூப்பிட்டா ஓலை எப்படி வாசிக்கிறது, அண்ணே?" என்றேன்.

"ஆமா லா, பாஸ்டரே ஆட்சேபம்னு சொல்லிருவாரு."

அக்கா சிரிக்கவில்லை. "அவரு அங்க காத்துக்கிட்டு இருந்தா நான் என்ன பதில் சொல்றது?" என்று அவரிடமே கேட்டுவிட்டாள்.

அவர் 'வாங்க' என்று கையசைத்து முன்னால் நடந்தார். மூன்று வரிசை தள்ளி அவர் மனைவியின் கல். அக்கா அதன் பக்கமே போனதில்லை. அதுவும் இரட்டைக் கல். மனைவி பெயருக்குப் பக்கத்தில் அவர் பெயர், பிறந்த வருடம், ஒரு கோடு.

"நானும் எழுதிக் கொடுத்தவன்தான்," என்றார். "இதை நான் மாத்தப் போறதில்ல. நீங்களும் மாத்த வேணாம். பரலோகராஜ்யம் கல்யாண விருந்து மாதிரின்னுதானே சொல்லியிருக்கு? நம்ம ஊரு கல்யாண டின்னர்ல ஒரு மேசைக்குப் பத்து பேரு. நாம நாலு பேரு. இடம் பத்தாதா?"

"அவரு சண்டைக்கு வருவாரு."

"வரட்டும். எங்க வீட்டுல அவரை விடப் பெரிய சண்டைக்காரி. அவ பாத்துக்குவா."

அக்கா அந்தக் கோட்டையே கொஞ்ச நேரம் பார்த்தாள். பிறகு குந்தி உட்கார்ந்து, அவர் மனைவியின் பெயரில் படிந்த பாசியைத் தேய்க்கத் தொடங்கினாள், எழுத்து எழுத்தாக. தண்ணீர் கேட்டாள், ஊற்றினேன். அவர் மெஷினைத் தூக்கிக்கொண்டு போய் அத்தானைச் சுற்றி வெட்டினார், கல்லில் ஒரு கீறல் படாமல். ராஜ்யம் வரவேண்டும் என்று வாராவாரம் ஜெபிக்கிறோம். வந்தால் இப்படித்தான், வியர்வையும் வாளியுமாக வருமோ என்னவோ.

பத்து மணிக்கெல்லாம் வெயில் ஏறிவிட்டது. வாசலில் வேனில் மெஷினை ஏற்றிவிட்டு அவர் நின்றார். சாவியை உள்ளங்கையில் புரட்டிக்கொண்டிருந்தார். அக்கா துண்டில் கையைத் துடைத்தாள்.

"ஓலை வாசிக்கிற அன்னிக்கு முன்பெஞ்சுல உக்காந்து திரும்பித் திரும்பிப் பாக்காதீங்க," என்றாள். "எனக்கு வெக்கமா இருக்கும்."