நிமிடத்துக்கு எத்தனை சுற்று

மர்பி டவுனில் பெருமாள்சாமியை வேலையற்ற வேலை பார்ப்பவர் என்று கேலி பேசிய அக்கம்பக்கத்துக்காரர்களில் நானும் ஒருவன். லேத் பட்டறையில் எட்டு மணி நேரம் நின்றுவிட்டு, வீட்டிலும் எதையாவது கடைந்துகொண்டிருப்பவரை வேறு எப்படிச் சொல்வது?

1996 தசரா விடுமுறையில் அவர் செய்தது ஒரு டர்பைன். அதில் இறக்கையே கிடையாது. பழைய எலக்ட்ரானிக் சாமான் விற்கும் எஸ்.பி. ரோட்டில் பொறுக்கிய பழைய ஹார்ட் டிஸ்க் தட்டுகளை மெல்லிய சந்து விட்டு அடுக்கி, ஓரத்தில் காற்றைப் பாய்ச்சினார். காற்று பக்கத்துப் பஞ்சர் கடை கிருஷ்ணப்பாவின் உபயம். தட்டுகள் விர்ரென்று சுழன்றன.

“சுத்துது, சரி மாராயா. நிமிஷத்துக்கு எஷ்டு சுத்து?” என்று கன்னடம் கலந்த தமிழில் கேட்டார் கிருஷ்ணப்பா.

அந்தக் கேள்வி பெருமாள்சாமியைத் தூங்கவிடவில்லை. பாலிடெக்னிக்கில் லேப் அட்டெண்டரான ஜெயராஜ் சுற்றுகளை எண்ணுவதற்கு ஒரு மைக்ரோபிராசசர் கிட்டை, சின்னக் கம்ப்யூட்டர் மாதிரியான பலகையை, இரவல் தந்தார். விடுமுறை முடிவதற்குள் திருப்பித் தர வேண்டும். அதில் புரோகிராமை எண் எண்ணாகத் தட்ட வேண்டும், கரண்ட் போனால் அத்தனையும் அழிந்துவிடும். எழுதிய தாளில் கிரீஸ் அப்பிவிட்டதால், மனைவி சரசு அதை நோட்டில் பிரதி எடுத்துக் கொடுத்தாள்.

கடைசி நாள் வரை கிட் பூஜ்யத்தையே காட்டியது. தட்டு சுற்றுவதை உணரும் சென்சாரை மாற்றினார், ஒயரை மாற்றினார். அதற்குள் ஜெயராஜும் வந்துவிட்டார்.

“போதும்ப்பா, நாளைக்கு லேப் தொறக்கறாங்க. என் வேலைக்கு உலை வெச்சிடாத.”

பெருமாள்சாமி கெஞ்சி, கடைசியாக ஒருமுறை நோட்டை வாய்விட்டுப் படித்துக்கொண்டே தட்டினார். “சைபர் ஆறு… சைபர் சைபர்…”

சரசு எட்டிப் பார்த்தாள். “அது சைபர் இல்லீங்க, ஒந்து! கீழ வாய் தொறந்திருக்கு பாருங்க.”

அவள் படித்தது கன்னடப் பள்ளி. எண்களைக் கன்னடத்தில் எழுதித்தான் பழக்கம். குடியாத்தத்துக்காரரான இவரோ பஸ் போர்டு பார்த்துக் கன்னட எண் கற்றவர். கன்னட ஒன்று ஏறக்குறைய ஒரு வட்டம், அடியில் மட்டும் திறந்திருக்கும். அவசரத்தில் சரசு அதை மூடாத குறையாக எழுதியிருந்தாள். ஒவ்வொரு சுற்றுக்கும் ஒன்றைக் கூட்ட வேண்டிய கிட், மூன்று நாளாகப் பூஜ்யத்தைக் கூட்டிக்கொண்டிருந்திருக்கிறது!

திருத்தினார். காற்று பாய்ந்தது. ஆயிரம், மூவாயிரம், ஆறாயிரத்து நானூறு. அவர் கண்கள் கலங்கிவிட்டன, வேடிக்கை பார்க்கப் போயிருந்த எனக்கும்தான்.

ஜெயராஜ் கிட்டின் பிளக்கைப் பிடுங்கக் கை நீட்டினார். சரசு தடுத்தாள்.

“இருண்ணா. ஏங்க, இன்னும் கொஞ்சம் காத்து விடுங்க. எவ்ளோ தூரம் போவுதுன்னு பாக்கலாம்.”

ஜெயராஜ் கையை எடுத்துவிட்டு, ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.