ஆறரை மணி முகூர்த்தம்

எனக்கு முடக்குவாதம். மாத்திரையோடு சாப்பாட்டையும் மாற்றிக்கொண்டேன். எண்ணெய்ப் பலகாரமும் சர்க்கரையும் போயின, வாய்க்கால் கரையில் மாலை நடை வந்தது. விடிந்ததும் கையை வெந்நீரில் வைத்திருந்து, விரல்களை மடக்கி நீட்டிப் பழக்குவேன். அப்படியும் எட்டு மணிக்குத்தான் அவை என் சொல் கேட்கும்.

மகளின் நிச்சயதார்த்தத்துக்கு ஆறரை மணி முகூர்த்தம். நாள் பார்த்தவர்கள் என் விரல்களைக் கேட்கவில்லை. "வியாதின்னு அங்க வாயத் தொறக்காதே" என்றார் கணவர். எரிச்சலோடு தலையாட்டினேன்.

திருவாரூர் மண்டபத்தில் தட்டு மாற்றும் நேரம் வந்தது. தேங்காய், பழம், பட்டுப்புடவை வைத்த பித்தளைத் தட்டை நானும் கணவரும் தூக்கினோம். என் பக்கம் சாய்ந்தது. ஒரு தேங்காய் விளிம்புக்கு உருண்டது. விழுந்தால் அபசகுனம் என்று ஊரே பேசும்.

"தட்டக் கீழ வைங்க" என்றேன் கணவரிடம். பிறகு மாப்பிள்ளையின் அம்மாவிடம் சொன்னேன்: "எனக்கு முடக்குவாதம். காலையில கையில பலம் இருக்காது. இப்படியே நகர்த்தித் தரேன், எடுத்துக்குங்க."

அவர் தட்டைத் தொடவில்லை.

"இது பரம்பரையா வருமா?" என்று கேட்டார்.

எல்லோரும் என் மகளின் விரல்களைப் பார்த்தார்கள். நானும் பார்த்தேன்.